செயற்கை சூயீட் சீட் உறை: நடுப்பள்ளத்தில் சுருக்கம், மழைக்குப் பின் போகாத ஈரம்

கேள்வி (ஈசூன் ஓட்டுநர்)

வணக்கம். 200 சிசிக்கு உட்பட்ட என் பைக்கின் சீட்டை, பின்பக்கம் மேடேறும் வடிவத்துக்கு ஃபோம் செதுக்கி மாற்றியிருக்கிறேன். ரெக்சின் வெயிலில் சுடுகிறது, பிரேக் பிடித்தால் முன்னே வழுக்குகிறது. அதனால் அடர்சாம்பல் நிறத்தில் மைக்ரோஃபைபர் சூயீட் துணி (மென்தோல் போலப் பொடி இழை மேலெழும்பிய செயற்கைத் துணி) வாங்கித் தைத்தேன். உட்கார்ந்தால் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. இந்தத் துணியை விட எனக்கு மனமில்லை.

ஆனால் டாங்கிலிருந்து இறங்கி மேடேறும் நடுப்பள்ளத்தில் குறுக்காகச் சுருக்கம் விழுகிறது. எவ்வளவு இழுத்து ஸ்டேப்லர் அடித்தாலும் போகவில்லை. முன்னும் பின்னும் இன்னும் இழுத்தால் துணி பள்ளத்தைத் தொடாமல் மேலே தூக்கிக்கொள்கிறது. நடுத்தையலுக்கு இரண்டு பக்கமும் ஒரே துணிதான், ஆனால் இடப்பாதி வெளுத்தும் வலப்பாதி கறுத்தும் தெரிகின்றன. பைக் நிற்பதோ சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கின் திறந்தவெளி நிறுத்துமிடத்தில். மாலையில் ஒரு மழை பெய்தால் மறுநாள் காலை வேலைக்குப் போகும்போதும் கால்சட்டை நனைகிறது. என்ன செய்யலாம்?

பதில் (உட்லண்ட்ஸ் மெத்தைத் தையல்)

தம்பி, முதலில் நிறத்தைப் பார்ப்போம், அது எளிது. சீட்டின் முன்னால் நின்று பாருங்கள், பிறகு பின்னால் போய்ப் பாருங்கள். வெளுத்த பாதி கறுத்தும், கறுத்த பாதி வெளுத்தும் இடம் மாறினால் துணியில் குறையில்லை. ஒரு பாதியில் இழை சாயும் திசை தலைகீழாக இருக்கிறது. இடம் மாறவில்லை என்றால்தான் சாயத்தைச் சந்தேகிக்க வேண்டும். சூயீட்டை வெட்டும் முன் உள்ளங்கையால் தடவி, வழவழப்பாகப் போகும் திசையைப் பின்புறம் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிடுங்கள். எல்லாத் துண்டிலும் அம்பு ஒரே பக்கம் பார்க்க வேண்டும். துணி மிச்சமாகிறதே என்று ஒரு துண்டைத் திருப்பி வெட்டக் கூடாது.

சுருக்கத்துக்கு இழுப்பது மருந்தில்லை. உங்கள் சீட் நீளவாட்டில் குழிந்தும் அகலவாட்டில் குவிந்தும் இருக்கிறது. அந்த வடிவத்தில் ஒரே துண்டைப் போர்த்தினால் நடுவில் துணி மிச்சமாகும், ஓரங்களில் போதாமல் போகும். மிச்சத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். பள்ளத்தில் குறுக்குத் தையல் ஒன்று வையுங்கள். முன்துண்டு, பின்துண்டு இரண்டின் சேரும் விளிம்பையும் நடுவில் 5 அல்லது 6 மி.மீ. உள்வளைவாக வெட்டி, ஓரம் வரும்போது பூஜ்யமாக்குங்கள். அளவெடுக்க ஃபோமின் மேல் சமையலறைப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் தையல் கோடு வரைந்து, கோட்டிலேயே வெட்டினால் சரியான வடிவம் கைக்கு வரும்.

பதில் (காக்கி புக்கிட் பட்டறை)

குறுக்குத் தையலே தேவையில்லை. சூயீட்டின் பின்னால் 3 மி.மீ. ஃபோம் வைத்து, பசை ஸ்பிரே அடித்துப் பள்ளத்தில் ஒட்டிவிட்டால் போதும். காரின் உட்கூரைக்கு அப்படித்தான் செய்கிறோம்.

பதில் (தேக்கா பை தையல்)

காருக்குள் ஒட்டுவதும் நாள் முழுதும் வெயிலிலும் மழையிலும் நிற்கும் சீட்டில் ஒட்டுவதும் ஒன்றல்ல அண்ணா. சாதாரணப் பசை சூட்டில் இளகிவிடும், பள்ளத்தில் துணி மறுபடி எழும்பும். அளவு கூடினால் பசை துணியில் ஊறி மேலே கெட்டித் திட்டாகத் தெரியும், அதைச் சூயீட்டிலிருந்து எடுக்க வழியில்லை.

உட்லண்ட்ஸ் ஐயா சொன்ன குறுக்குத் தையல்தான் சரி. ஆனால் இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மழைநீர் தேங்குவது பள்ளத்தின் அடியில்தான். அங்கேயே ஊசித் துளைகள் இருந்தால் நீர் நேராக ஃபோமுக்குள் இறங்கும். அடியிலிருந்து இரண்டு விரல் பின்னே, மேடு தொடங்கும் இடத்தில் தைத்து, உள்பக்கம் தையல்மூடும் டேப்பை ஒட்டுங்கள். நூல் பாலியஸ்டராகவே இருக்கட்டும். நைலானைவிட வெயிலை நன்றாகத் தாங்கும். 110/18 அளவு ஊசி, 4 மி.மீ. தையல் நீளம். தையல் நெருங்கினால் துணி தபால்தலை விளிம்பு போலக் கிழியும். இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்கவே வைக்காதீர்கள். இந்தத் துணி பாலியஸ்டரும் பாலியுரேத்தேனும் சேர்ந்தது. சூடு பட்ட இடம் மினுங்கிவிடும். ஆவியைத் தள்ளிப் பிடித்துப் பிரஷால் தடவினால் போதும்.

ஈசூன் ஓட்டுநர்

நன்றி ஐயா, நன்றி அக்கா. பின்னால் போய்ப் பார்த்தேன், நிறம் அப்படியே இடம் மாறியது. இடப்பாதியை மறுபடி வெட்டுகிறேன். ஈரத்துக்கு நீர்விலக்கும் ஸ்பிரே ஒன்றே போதுமா? ஸ்டேப்லரை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் (உட்லண்ட்ஸ் மெத்தைத் தையல்)

தேக்கா அம்மா சொன்ன இடம்தான் நல்லது. மழையில் நிற்கும் சீட்டுக்கு நானும் அங்கேயே வைப்பேன்.

ஸ்பிரே மட்டும் போதாது. தூறலைத் தாங்கும், நம் ஊர் மழையைத் தாங்காது, தேயத் தேய மறுபடி அடிக்கவும் வேண்டும். பாலியஸ்டர் இழை தானாக நீரைக் குடிப்பதில்லை. இழைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியில்தான் நீர் நிற்கிறது. அது மேல்துணியோடு நின்றால் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஃபோமுக்குள் போய்விட்டால்தான் உட்காரும் எடைக்கு மறுபடி மேலே வரும். அதனால் ஃபோமுக்கும் உறைக்கும் நடுவில் நீர்புகாத மெல்லிய துணி ஒன்றைப் போர்த்தி, ஃபோமைத் தாங்கும் சீட்டின் தட்டின் அடிவரை மடித்துவிடுங்கள். பாலித்தீன் தாளும் வேலை செய்யும், ஆனால் உட்காரும்போதெல்லாம் சலசலக்கும். இப்போதுள்ள ஃபோமை அதற்கு முன் மின்விசிறி எதிரே நிறுத்தி முழுதாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

ஸ்டேப்லரைப் பள்ளத்தின் இரண்டு பக்கவாட்டிலிருந்து தொடங்குங்கள். அங்கே கீழ்நோக்கி இழுத்து அடித்த பிறகு முன்னே, பின்னே போகலாம். நீளவாட்டில் முதலில் இழுத்ததால்தான் துணி தூக்கியது. சாதாரண எஃகு ஸ்டேப்லர் பின் துருப்பிடித்துச் சாம்பல் துணியில் கறை ஏற்றும். துருப்பிடிக்காத எஃகில் 6 மி.மீ. பின் வாங்குங்கள், ஆனால் தட்டின் தடிமனைப் பார்த்துவிட்டு. தட்டின் அடியில் நீர் வடியும் துளைகள் இருக்கும். உறையை மடிக்கும்போது அவற்றை மூடிவிடாதீர்கள்.