பன்றிக் கொட்டிலும் மீன்குளமும்: ஆலோசனை தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் நான், தமிழ்நாட்டில் புதுக்கோட்டைப் பக்கம் என் தம்பி பார்த்துவரும் அரை ஏக்கர் மீன்குளத்தைப் பற்றி உங்கள் ஆலோசனையை நாடுகிறேன். கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு கரையிலேயே கொட்டில் போட்டு 15 வெண்பன்றிகள் வாங்கினோம்.

கொட்டிலைக் கழுவிய நீர் குளத்தில் சேர்ந்தால் நுண்ணுயிர்ப் பாசிகள் பெருகும், அவற்றைத் தின்று மீன் வளரும், தீவனச் செலவு குறையும் என்ற கணக்கில் இறங்கினோம். ஒரு எக்டேர் குளத்துக்கு 30 முதல் 40 பன்றிகள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதன்படி எங்கள் அரை ஏக்கருக்கு (சுமார் 0.2 எக்டேர்) எட்டுக்கு மேல் கூடாது. ஆசை கணக்கை மிஞ்சிவிட்டது. இப்போது தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது. விடியற்காலையில் தம்பி அனுப்பிய காணொளியில், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன.

சிங்கப்பூரின் பொங்கோலில் பன்றிப் பண்ணைகள் இருந்த காலத்தில் அங்கே வாழ்ந்த, இப்போது எங்கள் புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) இருக்கும் சீனப் பெரியவர், தம் குளத்து ஆகாயத்தாமரையை வேகவைத்துப் பன்றிகளுக்குப் போட்டதாகச் சொல்கிறார். அந்தச் செடி கழிவின் சத்தை உறிஞ்சும் என்றாலும், குளத்தை மூடிவிடுமோ என அஞ்சுகிறேன்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: பன்றிகளைக் குறைப்பதா, கழிவை முதலில் சாண எரிவாயுக் கலனுக்குத் திருப்புவதா? மீன் பிடிப்பதற்கு எத்தனை நாள் முன்பு கழிவு விடுவதை நிறுத்துகிறீர்கள்?