ஷோ கிளாக் சரி, லாக் நேரம் தவறு: சுவிட்ச் தெரிந்தவர்கள் உதவவும்

காரைக்குடிக்காரன்:
வணக்கம். கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை விடுதியாக நடத்துகிறார்கள். அங்கே கேமரா, வைஃபை வேலைகளை நான்தான் பார்க்கிறேன். வீட்டின் இரண்டாம் கட்டில், கேமராக்களை நெட்வொர்க்கில் இணைக்கும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 சுவிட்ச். முகப்புக் கேமராவின் போர்ட் தினமும் ஒருமுறை அறுந்து மீண்டும் வருகிறது. சுவிட்ச் நடப்பதைக் குறித்துவைக்கும் லாக்கில் நேரம் 16:40. அந்த வேளையில் அங்கே இருப்பவர் தரை துடைக்க வரும் அம்மா ஒருவர்தான். அவர்தான் அடாப்டரைப் பிடுங்கிவிடுகிறார் என்று வீட்டு ஆச்சி தினமும் வைகிறார். நான் ரெக்கார்டரில் 4:40 காட்சியைப் பார்த்தேன். அறுபடாமல் ஓடுகிறது. அந்த அம்மா ஆத்தங்குடிக் கல்லைத் துடைத்துக்கொண்டே போகிறார், சுவர்ப் பக்கம் கை போகவே இல்லை.

போன வாரம் கரண்ட் போய் வந்ததும் தேதி 1993 மார்ச் 1 என்று காட்டியது. இந்திய நேரத்துக்காக கிளாக் டைம்சோன் ஐஎஸ்டி 5 30 கொடுத்து, கிளாக் செட் கட்டளையில் நேரத்தையும் வைத்தேன். நேரத்தைக் காட்டும் ஷோ கிளாக் கட்டளை இப்போது என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது. பிறகு லாக் ஏன் பொய் சொல்கிறது? ஒரு மனுஷியின் வேலை இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து உதவுங்கள்.

பள்ளத்தூர் பொறியாளர்:
தம்பி, லாக் பொய் சொல்லவில்லை, யுடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் சொல்கிறது. டைம்சோன் கொடுத்தால் ஷோ கிளாக் மாறும். லாக்கின் நேர முத்திரைக்குத் தனியாகச் சொல்லவேண்டும். கான்பிகரேஷன் மோடில் இந்த வரியைக் கொடுங்கள்:

சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் எம்செக் லோக்கல்டைம் ஷோ-டைம்சோன்

16:40உடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். இரவு 10:10. ரெக்கார்டரில் அந்த நேரத்தை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

1993 மார்ச் 1 பழுது அல்ல. இந்த சுவிட்சில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் நேரம் போய்விடும். டைம்சோன் கான்பிகரேஷனில் சேமிக்கப்படும், கிளாக் செட் அப்படியல்ல. எனவே என்டிபி, அதாவது நெட்வொர்க் வழியே நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் முறையை வையுங்கள். உங்கள் ரவுட்டர் நேரம் வழங்குமானால், என்டிபி சர்வர் என்று எழுதி அதன் ஐபியைக் கொடுத்தால் போதும். கரண்ட் வந்தவுடன் ஷோ கிளாக்கில் நேரத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி நிற்கும். அந்த நேரத்தை நம்பக்கூடாது என்று அர்த்தம். என்டிபி பிடித்ததும் குறி மறைந்துவிடும், சில நிமிடங்கள் பொறுங்கள்.

தேவகோட்டை வாசகர்:
ஒன்று சேர்க்கிறேன். முதலில் டைம்சோன், பிறகுதான் கிளாக் செட். மாற்றிச் செய்தால் நேரம் ஐந்தரை மணி முன்னால் தாவிவிடும். 5க்கும் 30க்கும் நடுவில் இடைவெளி வேண்டும், புள்ளி கூடாது. வெறும் 5 கொடுத்து அரைமணி பிசகிய சுவிட்சுகளை நான் பார்த்திருக்கிறேன். முடித்ததும் கான்பிகரேஷனைச் சேமிக்க ரைட் மெமரி கொடுக்க மறக்காதீர்கள்.

காரைக்குடிக்காரன்:
அண்ணே, அந்த வரியைக் கொடுத்துவிட்டு இரவு அங்கேயே காத்திருந்தேன். லாக்கில் 22:10:07 ஐஎஸ்டி என்று விழுந்தது. ரெக்கார்டரிலும் அதே இடத்தில் காட்சி அறுந்து, சற்று நேரம் கழித்துத்தான் திரும்ப வருகிறது. சரியாக 10:10க்குத் தோட்டத்து போர் மோட்டார் டைமரில் ஓடத் தொடங்குகிறது. கேமரா அடாப்டரும் அதே லைனில்தான் மாட்டியிருக்கிறது. மோட்டார் இழுக்கும்போது மின்னழுத்தம் இறங்குகிறது போலும்.

ஆச்சியை உட்காரவைத்து இரண்டு நேரத்துக் காட்சிகளையும் போட்டுக் காட்டினேன். இரண்டாம் முறையும் போடச் சொன்னார். "அவளைப் போய் வைதுவிட்டேனே" என்றார். காலையில் அந்த அம்மா வந்ததும் அவரே எழுந்து முகப்புக்குப் போனார்.

ரவுட்டரின் ஐபியை என்டிபிக்குக் கொடுத்துவிட்டேன், நட்சத்திரமும் மறைந்தது. இன்று வேண்டுமென்றே சுவிட்சை அணைத்துப் போட்டேன். நான்கைந்து நிமிடத்தில் நேரம் சரியாகிவிட்டது.

பள்ளத்தூர் பொறியாளர்:
நல்லது தம்பி. கேமரா அடாப்டரை யுபிஎஸ் லைனுக்கு மாற்றுங்கள். சுவிட்சையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.