புதுப்பிப்பு: ஸ்டெர்ன்வுட் வீட்டு டிரைவரைக் கொன்றது யார்?

1946 'தி பிக் ஸ்லீப்' துப்பறியும் படம் பார்த்துவிட்டு, டிரைவர் ஓவன் டெய்லரைக் கொன்றது யார் என்று இங்கே கேட்டிருந்தேன். மூலமான ரேமண்ட் சாண்ட்லரின் 1939 நாவலையும் படித்து முடித்தாயிற்று. அதிலும் பதில் இல்லை! படப்பிடிப்பின்போது படக்குழுவினர் சாண்ட்லருக்கே தந்தி அடித்துக் கேட்டார்களாம். தனக்கே தெரியவில்லை என்று சாண்ட்லர் பிற்பாடு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தனித்தனியாக எழுதிய பழைய சிறுகதைகளை ஒட்டவைத்த நாவல் இது. மிரட்டல் ஒன்றிலிருந்து, காணாமல் போன மருமகன் இன்னொன்றிலிருந்து. தையல் தெரியத்தானே செய்யும்.

படம் குழப்புவதற்குத் தணிக்கையும் காரணம். ஸ்டெர்ன்வுட் குடும்பத்தை மிரட்டும் கைகரின் புத்தகக் கடை உண்மையில் ஆபாசப் புத்தகங்களை வாடகைக்கு விடும் இடம். நாவல் இதை நேராகவே சொல்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது ஆர்க்கிட் பூச்செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக் காட்சி. சக்கர நாற்காலியில் போர்வைக்குள் கிழவர் ஜெனரல் ஸ்டெர்ன்வுட். எதிரே வியர்வையில் தொப்பலாகத் துப்பறிவாளர் மார்லோ. தன்னால் குடிக்க முடியாத பிராந்தியை அடுத்தவர் குடிப்பதைப் பார்த்தே கிழவர் ரசிக்கிறார். பணம் கேட்டுக் கைகர் அனுப்பிய, மகள் கையெழுத்துப் போட்ட புரோநோட்டுகளைக் காட்டி யோசனை கேட்டால், ஒரு நாளைக்கு 25 டாலரும் செலவும் வாங்கும் துப்பறிவாளர் சொல்வது: "பணத்தைக் கொடுத்துவிடுங்கள்." அப்புறம் எதற்கய்யா துப்பறிவாளர்!