இங்கிலாந்து ராக் பாட்டுகளில் ரெக்கே: கிட்டார் வெட்டு மட்டும்தானா?

நொய்யல்கரை (கோவை)
வணக்கமுங்க. 1970-களின் கடைசியில் வந்த இங்கிலாந்து ராக் பாட்டுகளை எங்க குழுவில் எடுத்துப் பழகுகிறோம். நாலடித் தாளத்தில் 2, 4-ஆம் அடிகளில் கிட்டாரைச் சட்டென்று வெட்டி வாசிச்சும், ஜமைக்கா இசையான ரெக்கேயின் வாசம் வரவே இல்லை. ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது வேறென்னங்க?

பவானி பேஸ் (ஈரோடு)
கிட்டாரை விடுங்க, டிரம்ஸைக் கவனிங்க. முதலடியில் கிக் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) விழுதா? ரெக்கேயின் ‘ஒன் டிராப்’ தாள முறையில் அந்த இடம் காலி. கிக்கும், குச்சியால் அடிக்கிற ஸ்னேர் டிரம்மும் சேர்ந்து மூன்றாமடியில்தான் விழணும். பறையும் தவிலும் கேட்டுப் பழகின கைக்கு முதலடியை விட மனசே வராது. மெட்ரோனோமை (தாளம் எண்ணும் கருவி) நிமிஷத்துக்கு 150 அடியில் வெச்சு, ஹை-ஹாட்டும் (ஜோடித் தட்டு) மூன்றாமடியும் மட்டும் பழகச் சொல்லுங்க. அதையே 75-ல் எண்ணினால் கிட்டார் வெட்டு அடிகளுக்கு நடுவே விழும். குழுவில் ஆளுக்கொரு கணக்கு வெச்சா பாட்டு பாதியிலேயே கவிழ்ந்துரும்.

கிட்டாருக்கு மெல்லிய மூணு கம்பி போதும். அடிச்ச உடனே இடதுகைப் பிடியைத் தளர்த்தணும், ஆனா விரல் கம்பியை விட்டு எழக்கூடாது. எழுந்தால் வெறுங்கம்பி ஒலிக்கும்.

காங்கயம் மிக்சிங்
பவானி சொல்றதுதான் அடிப்படை. இங்கிலாந்தில் குடியேறின ஜமைக்கா மக்கள் சவுண்ட் சிஸ்டத்தையும் (ஆட்டத்துக்கு இசைத்தட்டு போடுற பெரிய ஸ்பீக்கர் அமைப்பு) கொண்டுபோனாங்க. அதில் பேஸ் எனும் தாழ்ந்த ஒலிதான் முன்னால நிற்கும். பங்க் (வேகமான முரட்டு ராக்) குழுக்கள் அதைக் கேட்டுப் பிடிச்சுக்கிட்டாங்க: ஜூனியர் மர்வினின் ரெக்கே பாட்டை தி கிளாஷ் குழு 1977-ல் தங்கள் முதல் ஆல்பத்திலேயே வாசிச்சாங்க. தி போலீஸ் குழு பல பாட்டுகளில் சரணத்தை இடைவெளி விட்டு ரெக்கேயா வாசிச்சு, பல்லவியில் நேர் ராக்குக்குத் தாவினாங்க. அந்தத் தாவல்தான் அழகே.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஒலிப்பொறியாளர் கிங் டப்பி எக்கோ சேர்த்து மிக்சரையே வாத்தியமாக்கினார். அந்த எக்கோ வேணும்னா 150 வேகத்தில் ஓர் அடி 400 மில்லிசெகண்ட். டிலேயை (எக்கோ திரும்பி வரும் இடைவெளி) ஒன்றரை அடிக்கு, அதாவது 600-ல் வையுங்க. பாட்டு முழுக்கப் போட்டா குழம்பிரும். ஒரு ஸ்னேர் அடி, ஒரு கிட்டார் வெட்டு, அதை மட்டும் எக்கோவுக்கு அனுப்புங்க. பேஸ் கிட்டாரில் டோன் குமிழைக் குறைச்சு, கழுத்துப் பக்கம் விரலால் வாசிக்கணும். கிட்டாரின் தாழ்ந்த ஒலியை மிக்சரில் குறைச்சால்தான் பேஸுக்கு இடம் கிடைக்கும்.

நொய்யல்கரை
நன்றிங்க. தி ஸ்பெஷல்ஸ் குழுவின் பாட்டுக்கும் இதே முறைதானுங்களா?

பவானி பேஸ்
இல்லீங்க. அந்தக் குழுவின் ஜெர்ரி டாமர்ஸ் 1979-ல் கவண்ட்ரியில் தொடங்கின 2 டோன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகள் பெரும்பாலும் ஸ்கா, அதாவது ரெக்கேக்கு முந்தின வேகமான ஜமைக்கா இசை. பங்க் வேகத்தில் ஓடும், ஒன் டிராப் போட்டால் இழுத்த மாதிரி ஆயிரும். ஆனா 1981-ல் இங்கிலாந்தில் முதலிடம் பிடிச்ச தி ஸ்பெஷல்ஸின் ‘கோஸ்ட் டவுன்’ நிதானமான ரெக்கே நடை. அதில் டிராம்போன் வாசிச்ச ரிக்கோ ரொட்ரிகெஸ் ஜமைக்காவிலிருந்து வந்தவர். அந்த ஒண்ணுல முதல்ல ஆரம்பிங்க.