விக் நகரத்தை அழித்தது மதுவிலக்கா? எட்டு வருடக் கணக்கை யாராவது பாருங்கள்

வடகடல்:
ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் விக் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். "1922இல் மதுவிலக்கு வந்தது, விஸ்கி வடிசாலை மூடியது, ஊர் படுத்துவிட்டது" என்று மூன்றே துண்டில் கதையை முடித்துவிட்டார். படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. 1860களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹெர்ரிங் படகுகள் நின்ற துறைமுகம் அது. அந்த மீனுக்காகவே பிரிட்டிஷ் மீன்பிடிச் சங்கம், பொறியாளர் தாமஸ் டெல்ஃபர்டை வைத்து, ஆற்றின் தென்கரையில் புல்ட்னிடவுன் என்று ஒரு புது ஊரையே கட்டியது. உப்பிட்ட ஹெர்ரிங் பீப்பாய் பீப்பாயாக ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் போனது. முதல் உலகப் போரும் ரஷ்யப் புரட்சியும் அந்தச் சந்தையை உடைத்தன. ஊர் நொடித்தது அதனால்தான். விக் மதுக்கடைகளைப் பூட்டியது 1922 மே 28. வடிசாலை மூடியது 1930. நடுவில் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்துக்குப் பதில் சொல்லாமல் யாரும் வரலாறு எழுத வேண்டாம்.

மரப்பீப்பாய்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். எட்டு வருடம் தாக்குப்பிடித்தது என்றால் பாதிப்பே இல்லை என்று அர்த்தமா? ஊருக்குள் ஒரு பப் கிடையாது, வாங்க ஆள் கிடையாது. வடிசாலை மெல்ல மெல்லத்தான் சாகும்.

வடகடல்:
வடிசாலையின் சரக்கை விக் ஊர்க்காரர்கள் மட்டுமா குடித்தார்கள்? அது வெளியூர் வியாபாரம். மக்கள் வாக்களித்து நிறுத்தியது ஊருக்குள் விற்பதைத்தான், வடிப்பதை இல்லை. அதனால்தான் மதுவிலக்கு இருந்த ஊரிலேயே எட்டு வருடம் விஸ்கி வடித்தார்கள். 1920 முதல் அமெரிக்காவில் மதுத்தடை, அப்புறம் உலகப் பொருளாதார வீழ்ச்சி. 1920களில் மேற்குக் கரையில் கேம்பல்டவுன் வடிசாலைகள் வரிசையாக மூடின. அங்கே எந்த வாக்கெடுப்பு பூட்டுப் போட்டது? சொல்லுங்கள் தம்பி.

மரப்பீப்பாய்:
தம்பி என்று கூப்பிடாதீர்கள். உங்கள் வயதும் எனக்குத் தெரியாது, என் வயதும் உங்களுக்குத் தெரியாது. வாதத்தில் சரக்கு தீர்ந்தவர்கள்தான் வயதைக் கொண்டுவருவார்கள்.

உப்புக்காற்று:
ஒரு சந்தேகம். ஊர் "அழிந்தது" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மக்கள்தொகையா, மீன்வரத்தா, வேலையா? அதை முதலில் முடிவு செய்தால் பேசலாமே.

வடகடல்:
மரப்பீப்பாய், வயதை விடுங்கள். எட்டு வருடம். பதில்?

நெடும்பாதை:
இரண்டு பேருமே குடியைப் பற்றிப் பாதிதான் சொல்கிறீர்கள். ஹெர்ரிங் சீசனில் ஆயிரக்கணக்கான வெளியூர் ஆட்கள் வந்து இறங்குவார்கள், விஸ்கி ஆறாக ஓடும். பாதிரிமார் அதைப் பற்றிப் புலம்பாத வருடமே இல்லை. 1859இல் ஒரு ஆரஞ்சுப் பழத்துக்காகச் சிறுவர்கள் இருவர் போட்ட சண்டை, உள்ளூர்க்காரர்களுக்கும் லூயிஸ் தீவிலிருந்து வந்த கேலிக் மொழி பேசும் மீனவர்களுக்கும் இடையே பெரிய கலவரமாக வெடித்தது. அப்படிப்பட்ட ஊரில் பெண்களும் சேர்ந்து வாக்களித்து மதுக்கடைகளை மூடினார்கள். 1947 வரை, இருபத்தைந்து வருடம் அதில் நின்றார்கள். எனக்கு அந்த ஊர்மேல் மரியாதை வந்ததே அதனால்தான். அதைப் போய் அழிவு என்கிறீர்கள்.

தர்ஸோவாசி:
விக் விக் என்று இவ்வளவு உருகுகிறீர்களே, அங்கே இன்று போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? எபனேசர் பிளேஸ், 2.06 மீட்டர் நீளத் தெரு. ஒரே ஒரு கதவு. அதை உலகின் மிகச் சிறிய தெரு என்று பெருமையடிக்கிறார்கள். டூன்ரே அணு உலைக்குப் பிறகு பக்கத்து ஊரான எங்கள் தர்ஸோ எப்படி வளர்ந்தது என்று பாருங்கள்.

வடகடல்:
விக்கைத் தொட்டால் தர்ஸோவாசி எங்கிருந்தாவது வந்துவிடுவார், போன மாதமும் இதையேதான் செய்தார். அந்தத் தெரு 2006இல் கின்னஸில் ஏறியது. அதுவரை லங்காஷயரின் பாக்கப்பில் இருக்கும் 5.2 மீட்டர் எல்ஜின் தெருதான் சாதனை. பார்க்க என்ன இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்? ஜான்ஸ்டன் குடும்பம் மூன்று தலைமுறையாக எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. பேங்க் ரோ இருக்கிறது. 1940 ஜூலை 1 அன்று பட்டப்பகலில் குண்டு விழுந்து 15 பேர் செத்த தெரு அது, அதில் குழந்தைகளும் உண்டு. இதையெல்லாம் தாண்டி வந்த ஊர். உங்கள் அணு உலைப் பெருமையை வேறு எங்காவது போய்ப் பேசுங்கள்.

தர்ஸோவாசி:
செத்தவர்களை எதற்கு இழுக்கிறீர்கள்? நான் தெருவைப் பற்றித்தான் கேட்டேன். ஒரு கதவு இருந்தால் தெருவா?

உப்புக்காற்று:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

மரப்பீப்பாய்:
வடகடல், உங்களுக்குத் தேதிதானே வேண்டும்? 1947இல் மதுவிலக்கு நீங்கியது. 1951இல் வடிசாலை திறந்தது. முதலில் கடை, அப்புறம் வடிசாலை. மூடியதும் அதே வரிசை, திறந்ததும் அதே வரிசை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வடகடல்:
பான்ஃப் ஊர் வழக்கறிஞர் ராபர்ட் கம்மிங் கையில் அது 1951இல் மறுபடி ஓடத் தொடங்கியது. அவரே பால்பிளேர் வடிசாலையை 1949இல் திறந்துவிட்டார். போர் முடிந்த பிறகு ஸ்காட்லாந்து முழுக்க விஸ்கித் தொழில் எழுந்தது, விக்கும் எழுந்தது. கடையைத் திறந்ததால் வடிசாலை திறந்தது என்றால் 1947இலேயே ஏன் திறக்கவில்லை? திறந்ததில் நாலு வருடம், மூடியதில் எட்டு வருடம். இரண்டுக்கும் பதில் வரவில்லை.

மரப்பீப்பாய்:
பதில் சொல்லிவிட்டேன். வரிசையைப் பாருங்கள்.

வடகடல்:
வருடத்தைப் பாருங்கள். 1922, 1930. நாளை ஹெர்ரிங் ஏற்றுமதி பற்றித் தனி இழை தொடங்குகிறேன், துணிச்சல் இருந்தால் அங்கே வாருங்கள்.

தர்ஸோவாசி:
அந்தக் கதவுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.