‘எங்கட பெடியன் எலெக்சன் கேக்கிறான்’: வன்னியில் தேர்தல் அனுபவங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து:

2024 நவம்பர், பாராளுமன்றத் தேர்தல் நேரம். காலபோக நெல்லுக்குப் பசளை போடுகிற நாட்கள். வயலால் வந்து காலில் சேறு கழுவிக்கொண்டு நிற்க, வாசலில் ஒரு பட்டா வாகனம் வந்து நின்றது. இறங்கியவர் பெரியம்மா வழியில் தம்பி முறை. ஒரு சுயேச்சைக் குழுவில் நிற்கிறாராம். கையில் நோட்டீஸ் கட்டு.

“அண்ணை, எங்கட ஆக்களில ஒராள் பாராளுமன்றம் போகவேணும். வீட்டில எத்தனை வோட்டு இருக்கு?”

“முதல்ல இரு, தேத்தண்ணி குடி” என்று இருத்திவிட்டு நோட்டீஸைப் பார்த்தேன். ஒன்பது படங்கள். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆசனம் ஆறு. வேட்புமனுவில் அதைவிட மூன்று பேர் கூடுதலாக இருக்க வேண்டும். இந்த ஒன்பதை நிரப்பத்தான் ஊர் ஊராக ஆள் பிடிக்கிறார்கள். மன்னாரில் ஒருவர், செட்டிகுளத்தில் ஒருவர், மல்லாவியில் விளையாட்டுக் கழகத் தலைவர், இங்கே எங்கள் தம்பி. ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தம், ஒரு கோயில், ஒரு கழகம் இருக்கும். முதன்மை வேட்பாளருக்கு ஒரு சதம் செலவில்லாமல் ஒன்பது ஊரில் படலை திறந்துவிடும்.

“உங்கட குழு முழு மாவட்டத்திலயும் எத்தனை வாக்கு எடுக்கும்?” என்று கேட்டேன்.

“நல்லா வரும் அண்ணை.”

அவருடைய நோட்டீஸின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். செல்லுபடியான வாக்கு இரண்டு இலட்சம் என்று வைத்தால், நூற்றுக்கு ஐந்து பத்தாயிரம். அதற்குக் கீழே எடுத்த கட்சியும் குழுவும் ஆசனம் பங்கிடும் கணக்கிலேயே இல்லை. கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் ஐந்தைத்தான் தகுதி பெற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். “பத்தாயிரம் வருமா?” என்றேன். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “விருப்பு வாக்கையாவது எனக்குப் போடுங்கோவன்” என்றார். குழுவுக்கு ஆசனமே இல்லையென்றால் விருப்பு வாக்கை வைத்து என்ன செய்வது? அது அந்தப் பட்டியலுக்குள் யார் முதலில் என்று பார்க்கிற கணக்கு மட்டுமே.

கோபித்துக்கொண்டுதான் போனார். நோட்டீஸ் அடித்த காசும் அவருடையது என்று பிறகு தெரியவந்தது. பாவம் அந்த மனிசன். ஆனால் பாவம் பார்த்துப் போடுகிற வாக்கால்தான் நாங்கள் இந்த நிலையில் நிற்கிறோம்.

2015இல் இந்த ஆறில் நாலு ஆசனம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. 2020இல் மூன்று. 2024இல் ஆறு ஆசனமும் ஐந்து கட்சிகளுக்குப் போயின. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, மற்ற நாலுக்கும் ஒவ்வொன்று. சனம் யோசித்து மாற்றிப் போட்டதென்றால் அதில் எனக்குக் குறையில்லை, அது அவரவர் உரிமை. யோசிக்காமல் முறைக்காக, முகத்துக்காகப் போட்டு ஒரு கணக்கிலும் சேராமல் போன வாக்குகள்தான் எனக்கு வயிற்றெரிச்சல். திணைக்களக்காரர் எங்கள் காணிக்குள் எல்லைக்கல் நட்டுவிட்டுப் போகிறார்கள், யானை வேலி பாதியில் நிற்கிறது. யாரிடம் போய்க் கேட்பது? தோற்ற சொந்தக்காரரிடமா?

அடுத்தது மாகாண சபை. 2013 செப்டெம்பரில் வாக்களித்தோம், 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை. வைக்கிற நாளில் படலையில் ஆள் நிற்கும். சொந்தமோ இல்லையோ, இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் பட்டியல் ஒரு ஆசனமாவது எடுக்கிற அளவுக்கு வாக்கு எடுக்குமா? கடந்த தேர்தலுக்கும் இந்தத் தேர்தலுக்கும் இடையில் எங்கள் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் யாராவது உங்களைக் கண்டார்களா? பதில் வராவிட்டால் தேத்தண்ணியோடு அனுப்பிவிடுங்கள்.

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

அண்ணா சொன்னது சரி. நான் தேர்தல் கடமைக்குப் போனவள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். கணக்கில் சேராத வாக்கு போல, செல்லாத வாக்கும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர் சொன்னார்: “பிள்ளை, நான் வீட்டுக்கும் போட்டன், சங்குக்கும் போட்டன். ரெண்டும் எங்கட தானே!” இரண்டு சின்னத்துக்குப் புள்ளடி போட்டால் சீட்டே நிராகரிப்பு. ஒரு சின்னத்துக்கு ஒரு புள்ளடி, அதற்குப் பிறகு விரும்பினால் அதே பட்டியலில் மூன்று பேர் வரை இலக்கத்துக்குப் புள்ளடி. சின்னத்தை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போடுவதிலும் பயனில்லை. படித்த பிள்ளைகளும் இதில் பிழை விடுகிறார்கள். வீட்டில் ஒரு கொப்பித்தாளில் கோடு கீறி வயது போனவர்களுக்குக் காட்டிவிடுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து:

நாங்களும் வன்னி ஆட்கள்தான், ஆனால் வாக்கு மட்டும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு! தேர்தலுக்குத் தேர்தல் ஆனையிறவு தாண்டி வருவார்கள், பிறகு காணோம். அது இருக்க, 2025 மே மாதம் பிரதேச சபைத் தேர்தலுக்கு வந்த ஒருவர் அரசியல் தீர்வு எடுத்துத் தருவேன் என்று அரை மணித்தியாலம் பேசினார். எங்கள் அம்மா எழும்பி, “அது சரி தம்பி, சந்தைக்குப் பின்னால குப்பை ஆர் அள்ளுறது?” என்று கேட்டார். பிரதேச சபை செய்கிற வேலை அதுதானே. வந்தவருக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. பாராளுமன்றத்துக்கு நிற்கிறவர்களோ எங்களுக்கு மதகு கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து:

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் வேட்பாளர்களை ஆளாளாக வரவிடவில்லை. எல்லாருக்கும் ஒரே நாள், ஒரே மண்டபம், ஒரே கேள்வி என்று சொல்லிவிட்டோம். வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பதையும் வெளியிலிருந்து வருகிற இழுவைப் படகுகளையும் நிறுத்த என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. பாதிப்பேர் வரவேயில்லை. வந்தவர்களில் ஒருவர், “இது எந்த அமைச்சுக்குக் கீழ வரும்?” என்று எங்களிடமே கேட்டார். ஒருவர் மட்டும் கடற்றொழில் சட்டத்தை அச்சடித்துக் கொண்டுவந்து, எந்தப் பிரிவை வைத்து யாருக்கு எழுதலாம் என்று விரல் வைத்துக் காட்டினார். அவர் எங்கள் ஊர் இல்லை, சொந்தமும் இல்லை. எங்கள் கரையில் அவருக்குத்தான் கூட வாக்கு விழுந்தது.