பாட்டில்நெக்: முட்டுக்கட்டையா, மதகா, இடுக்கா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் நூலகத்தில் கோடை விடுமுறைப் பயிற்சி நடத்துகிறோம். கேம் விளையாடும் கணினியை முதன்முதலாகத் தானே அசெம்பிள் செய்யப் போகும் பிள்ளைகளுக்கானது. கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் கடையில் கேட்கிற பெயரிலேயே வைத்துவிட்டேன். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்: பாட்டில்நெக்.

விஷயம் இதுதான். திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், அதாவது பிரேமுக்கும், கணினியின் மூளையான சிபியூ முதலில் எதிரி எங்கே நிற்கிறான், பந்து எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, எதை வரைய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்கிறது. கார்டு வரைகிறது. இரண்டில் எது மெதுவோ அதன் வேகம்தான் திரைக்கு வரும். அந்த மெதுவான பாகத்தைத்தான் பாட்டில்நெக் என்கிறார்கள். விநாடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 7 மில்லிவிநாடி. சிபியூ 12 எடுத்துக்கொண்டால், கார்டு 5-லேயே வரைந்து முடித்தாலும் பயனில்லை.

போன ஆண்டு 'முட்டுக்கட்டை' என்று எழுதினேன். ஒரு பையன் வீட்டில் கார்டு 98 விழுக்காடு வேலை செய்வதைப் பார்த்து, "முட்டுக்கட்டை இருக்கிறதாம்" என்று பயந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்டை விற்றுவிட்டார்கள். கார்டு முழுதாக உழைப்பது குறையே இல்லை. கேம் ஆடும்போது பெரும்பாலும் நாம் வேண்டுவதே அதுதான். என் சொல்தான் அவர்களைக் கெடுத்தது. அதனால் குற்றம் சொல்லாத ஒரு சொல் வேண்டும்.

*

மதுரையிலிருந்து:

தம்பி, இதற்கு எதற்குத் தவிப்பு? 'மதகு' என்று போடுங்கள். கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தாலும் மதகு விட்ட அளவுதானே வயலுக்கு? மடை, மதகு, தூம்பு, குமிழி, கலிங்கு என்று நீரின் ஒவ்வொரு அசைவுக்கும் பெயர் வைத்திருக்கிறோம். இவ்வளவு சொத்தை வைத்துக்கொண்டு புட்டிக்கும் கழுத்துக்கும் போக வேண்டுமா?

*

சென்னையிலிருந்து:

ஐயா, உவமை அழகு. ஆனால் பொருந்தவில்லை. மதகு நாமே வேண்டுமென்று திறந்து மூடுவது. பாட்டில்நெக் அப்படி இல்லை, யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்திருப்பது. கேமில் "விநாடிக்கு 60 பிரேமுக்கு மேல் போகாதே" என்று நாமே ஒரு வரம்பு வைக்கிறோமே, அந்த எஃப்பிஎஸ் லிமிட்டுக்குத்தான் மதகு சரியான சொல்.

அப்புறம், என் வகுப்புப் பிள்ளைகள் மதகைப் பார்த்ததில்லை. ரிச்சி தெருவில் போய் "இந்தச் சிபியூ மதகாகுமா?" என்று கேட்டால் கடைக்காரர் என்ன எடுத்துக் கொடுப்பார்? பாட்டில்நெக் என்றே விடுங்கள்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பக்கம் இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய பாதையை 'ஒழுங்கை' என்போம். றோட்டு எவ்வளவு அகலமாக இருந்தாலும் வீட்டுக்கு வரும் வண்டி ஒழுங்கைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். அதை யோசித்துப் பாருங்கோ.

*

சென்னையிலிருந்து:

எனக்குப் பிடித்த சொல், அம்மா. ஆனால் இங்கே 'சிபியூ ஒழுங்கை' என்றால் சிபியூவின் ஒழுங்கு என்று படித்துவிடுவார்கள். 'கணவாய்' என்று இன்னொருவர் தனிமடலில் எழுதியிருந்தார். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது மீன்.

*

நாகர்கோவிலிலிருந்து:

'இடுக்கு' என்ற சொல்லை யாருமே எடுக்கவில்லையே? கதவிடுக்கு, பல்லிடுக்கு, சந்து இடுக்கு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஒடுங்கு–ஒடுக்கு, முடங்கு–முடக்கு போல இடுங்கு–இடுக்கு. இடுங்கிய இடம் இடுக்கு.

மதுரை ஐயாவுக்குத் தண்ணீர்தான் வேண்டுமென்றால் அதுவும் இதில் இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தின் பெயரே இடுக்கிலிருந்து வந்ததுதான். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே பெரியாறு ஒடுங்கிப் போகும் அந்த இடத்தில்தான் வளைவு அணையைக் கட்டினார்கள். ஆறு அங்கே ஒடுங்குவது ஆற்றின் குற்றமில்லை, மலை அப்படி நிற்கிறது.

இன்னும் ஒன்று. 'இடுக்கண்' என்பதைக் கண் இடுங்குதல் என்று விளக்குவார்கள். எனக்கு அது இடுக்கு + கண், அதாவது ஒடுங்கிய இடம் என்றே படுகிறது. கண் என்றால் இடம்தானே. குறள் 624-ஐப் பாருங்கள்: "மடுத்தவா யெல்லாம் பகடன்னான் உற்ற இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து." தடைப்பட்ட இடந்தோறும் வண்டியை இழுத்துப் போகும் எருது. வண்டி சிக்கும் இடத்தைச் சொல்லும் குறளில் இடுக்கண் என்ற சொல் வந்து நிற்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

*

மதுரையிலிருந்து:

கண் என்பது இடப்பொருளில் வருமென்றால் வேற்றுமை உருபாக வரும், ஊர்க்கண் என்பது போல. இங்கே இடுக்கண் முழுப்பெயராக நின்று 'இடுக்கண் களைவதாம் நட்பு' என்று செயப்படுபொருளாகவும் வருகிறது. ஒடுங்கிய இடத்தை எப்படிக் களைவது? இடுங்கிய கண்தான் சரி.

வினையாக்கிப் பாருங்கள்: "சிபியூ கார்டை இடுக்குகிறது." குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகிற மாதிரி இல்லையா?

*

நாகர்கோவிலிலிருந்து:

உருபு என்பது சரி, ஆனால் கண் தனிப்பெயராகவும் இடத்தைக் குறிக்குமே ஐயா. மற்றதைத் தனிமடலில் பேசுவோம், தம்பிக்குத் திங்கட்கிழமை அச்சு.

வினை வேண்டாம். "இடுக்கு சிபியூவில் இருக்கிறது" என்று இடமாகவே சொல்லலாம். இடம் என்றால் அது மாறும். 1080பி ரெசல்யூஷனில் (திரையில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) சிபியூவில் இருந்த இடுக்கு, 4கே போட்டால் கார்டுக்குப் போய்விடும், வரைய வேண்டிய புள்ளிகள் நான்கு மடங்காகின்றனவே. சோதனையும் எளிது. ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். பிரேம் ஏறினால் இடுக்கு கார்டில். ஏறவே இல்லையென்றால் சிபியூவிலோ ரேமிலோ. ஒற்றை ரேம் போட்டவர்கள் முதலில் அதைப் பார்க்கட்டும். டிடிஆர்4-3200 வகை ரேம் ஒன்று போட்டால் விநாடிக்கு 25.6 ஜிபி தரவு போகும், இணையாக இரண்டு போட்டால் 51.2. புதுச் சிபியூ வாங்குவதைவிட மலிவு.

*

கையேட்டுக்காரரிடமிருந்து:

நன்றி. இந்தக் கடைசி மடலை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சிபியூவைத் தமிழில் செயலி என்று சொல்லி 'செயலியிடுக்கு' என்று சேர்த்தெழுத ஆசைதான். ஆனால் செயலி என்றால் இன்று பிள்ளைகளுக்கு போனில் இருக்கும் ஆப். ஆகவே 'சிபியூ இடுக்கு', 'கார்டு இடுக்கு', 'ரேம் இடுக்கு'. முதல் முறை வரும் இடத்தில் மட்டும், கடையில் இதை பாட்டில்நெக் என்பார்கள் என்று ஒரு வரி. நேற்றிரவு பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன். "எந்தக் கணினியிலும் ஒரு இடுக்கு இருக்கத்தானே செய்யும்?" என்று கேட்டாள். முட்டுக்கட்டை என்று எழுதியபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை.

*

சென்னையிலிருந்து:

சரி, போடுங்கள். எனக்கு இன்னும் பாட்டில்நெக்தான். என் வகுப்பில் இரண்டையும் சொல்லிவிட்டு எது ஒட்டுகிறது என்று பார்க்கிறேன்.

*

மதுரையிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. எஃப்பிஎஸ் லிமிட்டுக்கு மதகு என்று சென்னைத் தம்பியே சொன்னார், அதையாவது கையேட்டில் சேர்த்துவிடுங்கள். இடமில்லையென்றால் படத்துக்குக் கீழே போட்டாலும் போதும்.